போன் எடுக்காத பெண்கள்

“குறிப்பிடத்தக்க மன பாதிப்பு எதுவும் இல்லை.”

திரையில் அந்த வரி பச்சை நிறத்தில் மின்னியது. டாக்டர் பரமேஸ்வரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பரீட்சையில் பாஸான மகனைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

“இல்லைனு யார் சொன்னது, டாக்டர்?”

மேசையின் கடைக்கோடியிலிருந்து வந்தது குரல். புனிதா. அந்த ஆய்வின் கள அலுவலர். கிள்ளான் முதல் காஜாங் வரை அலைந்து, பெண்களிடம் பேசி, சம்மதம் வாங்கி, ஆய்வில் சேர்த்தவள் அவள்தான்.

“டேட்டா சொல்லுது லா, புனிதா.”

ஆய்வு இதுதான். மேற்கையின் தோலுக்கு அடியில் தீக்குச்சி அளவில் ஒரு குச்சி வைப்பார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக ஹார்மோனைக் கசியவிடும். மூன்று வருடத்துக்குக் கர்ப்பம் தரிக்காது. அதை வைத்துக்கொண்ட மலேசியத் தமிழ்ப் பெண்களுக்கு என்னென்ன பக்கவிளைவு வருகிறது என்று ஒரு வருடம் கவனிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் மேலிடத்துக்குப் போகும். மேலிடம் அதை வைத்துக் கிளினிக்குகளுக்குக் கையேடு போடும். ‘மன பாதிப்பு இல்லை’ என்று கையேட்டில் அச்சாகிவிட்டால் போதும். நாளை எந்தப் பெண் வந்து அழுதாலும் நர்ஸ் கையேட்டைக் காட்டிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிடுவாள்.

“பாதியில போன நாப்பது சொச்சம் பேர் அந்த டேட்டாவுல இருக்காங்களா?”

“அவங்க தொடர்பு விட்டுப்போனவங்க. மூணு தடவை போன் போட்டும் பதில் இல்லைனா பேரை எடுத்துடணும். ரூல்.”

“ஏன் பதில் இல்லைனு யாராச்சும் கேட்டோமா?”

“போனையே எடுக்காதவங்ககிட்ட எப்படிம்மா கேக்கறது?”

அறை சிரித்தது. புனிதா சிரிக்கவில்லை.

“டாக்டர், நீங்க ஒரு சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கீங்க. பிடிக்காதவன் எல்லாம் தட்டைத் தள்ளிட்டு எழுந்து போயிட்டான். கடைசி வரைக்கும் உட்கார்ந்து சாப்பிட்டவன்கிட்ட மட்டும் ருசி எப்படினு கேட்டா, அவன் என்ன சொல்வான்?”

சிரிப்பு நின்றது. கணிப்பொறிக்குப் பின்னால் இருந்து ஒரு தலை எழும்பியது. ஜைத். ஆய்வின் புள்ளிவிவரக்காரன்.

“டாக்டர், அவங்க சொல்றது சரி. போனவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு மனசு பாதிச்சிருந்தாலே அந்த வரி நிக்காது. இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. குச்சி வைக்கிறதுக்கு முன்னாடி அவங்க மனசு எப்படி இருந்துச்சுனு நம்ம கேக்கவே இல்ல. எதோட எதை ஒப்பிடறது?”

“நீயுமாடா?”

பரமேஸ்வரன் கெட்டவர் இல்லை. களைத்தவர். மேலிடத்திலிருந்து தினமும் போன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“வெள்ளி வரைக்கும் தேடிப் பாரு. ஆனா மூணு போனுக்கு மேல போடணும்னா நெறிக்குழு அனுமதி வேணும். இராஜம்மா மேடத்துகிட்ட நீயே போ. நான் வரல. எனக்கு உயிர் மேல ஆசை இருக்கு.”

*

பேராசிரியர் இராஜம்மா, மருத்துவ நெறிக்குழுவின் தலைவி. ஆய்வில் கலந்துகொள்பவருக்கு ஒரு கீறல் விழுந்தாலும் ஆய்வையே இழுத்து மூடிவிடுபவர் என்று பெயர்.

“ஏன் எடுக்க மாட்டேங்கறாங்க?” என்றார் முகத்தை நிமிர்த்தாமல்.

“மேடம், இதுல பாதிப் பேரு வீட்டுக்குத் தெரியாம குச்சி வெச்சுக்கிட்டவங்க. மாமியாருக்குத் தெரியாது, சில பேருக்குப் புருஷனுக்கே தெரியாது. சேர்றப்பவே என்கிட்ட சொன்னாங்க. ‘அக்கா, போன் பண்ணா ஆஸ்பத்திரினு மட்டும் சொல்லாதீங்க’னு. நானும் சரினுதான் சொன்னேன். அப்புறம் போன் வேலையை வேற பிரிவுக்குக் குடுத்துட்டாங்க. அவங்க ஆபீஸ் நேரத்துல கூப்பிட்டு, ‘செலாமாட் பாகி, குடும்பக் கட்டுப்பாட்டு ஆய்வுப் பிரிவிலிருந்து பேசறோம்’னு ஆரம்பிச்சா? மாமியார் பக்கத்துல உட்கார்ந்து சீரியல் பாக்கறா!”

இராஜம்மா இப்போது நிமிர்ந்தார்.

“வேற எப்படிக் கூப்பிடச் சொன்னாங்க?”

“முக்காவாசிப் பேர் சொன்னது ஒரே பதில்தான். ‘டெய்லர் அக்கா பேசறேன், பிளவுஸ் ரெடி’.”

தலைவியின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. தீபாவளிக்கு இரண்டு வாரம். கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தத் தமிழ் வீட்டிலும் இந்த மாதத்தில் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரே போன் டெய்லரிடமிருந்து வருவதுதான்.

“என் டெய்லர்கூட எனக்கு இன்னும் தரல” என்றார். உடனே முகம் இறுகியது. “கேட்டுக்க. நாம யாரையும் ஏமாத்தப் போறதில்ல. தன்னோட பாதுகாப்புக்காக ஒரு பொண்ணு இப்படித்தான் என்னைக் கூப்பிடணும்னு கேட்டா, அது அவ உரிமை. ஆனா ஒவ்வொருத்திக்கும் அவ கேட்ட மாதிரி. ஒருத்தி சொன்னதை இன்னொருத்திக்குப் போட்டேன்னு தெரிஞ்சுது, ஆய்வை நானே மூடுவேன். பேச விருப்பம் இல்லைனா அதோட விட்டுடணும். புரியுதா?”

“புரியுது மேடம்.”

புரிந்துதான் இருந்தது. அப்போது.

*

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல் மாடியில் ஆய்வுக்கு ஓர் அறை இருந்தது. கீழே மல்லிகை, முறுக்கு, ஸ்பீக்கர் பாட்டு. தீபாவளிச் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எந்தப் பெண்ணும் சந்தேகம் வராமல் வந்து போகலாம்.

முதல் போன் காப்பார் ஊருக்கு. எடுத்தது மாமியார்.

“யாரு?”

“டெய்லர் அக்கா பேசறேன், ஆன்டி. சீதாலெட்சுமியோட பிளவுஸ் ரெடி.”

“ரெடியா? என்கிட்ட சொல்லவே இல்ல பாரு, கள்ளி! கை வெச்சுத் தெச்சிருக்கியா? இப்பல்லாம் கையே இல்லாம தெக்கிறீங்க. துணியை மிச்சம் பிடிச்சு என்ன பண்றீங்க, பாசார்ல விக்கிறீங்களா?”

“முழங்கை வரைக்கும் இருக்கு, ஆன்டி.”

“அதான் லட்சணம். ஏடி சீதா! டெய்லரு!”

போன் கை மாறியது. நடக்கும் சத்தம். கதவு சாத்தும் சத்தம். பிறகு தாழ்ந்த குரல்.

“அக்கா... நெசமாவே நீங்கதானா? எவ்வளவு நாள் காத்திருந்தேன் தெரியுமா? வேற யாரோ கூப்பிட்டு, ஸ்பீக்கர்ல போய், நான் இன்சூரன்ஸுனு சொல்லிக் கட் பண்ணேன்.”

மறுநாள் மாடிப்படி ஏறி வந்தாள் சீதா. கோபம் என்றாள். காரணமே இல்லாத கோபம். பிள்ளை பால் சிந்தியதற்குக் கையிலிருந்த கரண்டியை எறிந்திருக்கிறாள். சுவரில் பட்டுத் தெறித்தது. பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில். அன்றே வேறொரு கிளினிக்குக்குப் போய்க் குச்சியை எடுத்துவிட்டாள்.

“அதுக்கு முன்னாடி கோவம் வருமா?” என்று கேட்டாள் புனிதா.

“வரும். ஆனா எறிய மாட்டேன்.”

சுங்கை வே தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருத்தி வந்தாள். மனசுக்கு ஒண்ணும் இல்ல, கல்லு மாதிரி திடமா இருக்கு, இரத்தம்தான் நிற்கவே இல்லை என்றாள். காஜாங்கிலிருந்து நல்லம்மாள் என்பவள் போனிலேயே சிரித்தாள்.

“எனக்கு ஒண்ணும் ஆகலக்கா. சூப்பரா இருக்கு. வீடு மாறினோம், நம்பர் மாத்தினேன், அவ்வளவுதான். ஏன், ஏதாச்சும் ஆகணுமா?”

“ஆக வேணாம்மா. நல்லா இருக்குன்னு நீங்க சொல்றதும் எனக்கு வேணும்.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஜைத் கட்டைவிரலை உயர்த்தினான். “இதை விட்டுட்டா நம்மளும் பேரை எடுத்தவங்களை மாதிரிதான்.”

வியாழக்கிழமை காலைக்குள் முக்கால்வாசிப் பேர் கிடைத்துவிட்டார்கள். சிலர் பேச மறுத்தார்கள், அதோடு விட்டாள். மற்றவர்கள் பேசினார்கள். அழுகை, தூக்கமின்மை, ஆசையே அற்றுப்போனது, சமையலறையில் நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றது. ஒன்றுமே இல்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். எல்லாமே எழுத்தில் ஏறியது.

வேகம் ஒரு போதை. டயல் செய்ய வேண்டியது, “டெய்லர் அக்கா பேசறேன், பிளவுஸ் ரெடி” என்று சொல்ல வேண்டியது. நாக்கு தானாக ஓடியது.

அடுத்த நம்பர். கிள்ளான். ஆரிஃபா.

ஆண் குரல். “யாரு?”

“டெய்லர் அக்கா பேசறேன், அண்ணே. ஆரிஃபாவோட பிளவுஸ் ரெடி.”

எதிர்முனையில் கத்தரிக்கோல் துணியை வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அது நின்றது.

“எங்கேருந்து பேசறே?”

“பிரிக்ஃபீல்ட்ஸ்...”

“நான் யாருனு தெரியுமா? கிள்ளான்ல வந்து காதர் ஜவுளிக்கடை எதுனு கேளு. சின்னப் புள்ளைகூட கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விடும். என் மாடியில நாலு தையல்காரங்க உட்கார்ந்து ராப்பகலா மெஷின் மிதிக்கிறாங்க. என் பொண்டாட்டி பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து உன்கிட்ட பிளவுஸ் தெக்கக் குடுத்தாளா? வெளிய தெரிஞ்சா என் கடையில எவ தெப்பா?”

புனிதாவின் விரல் படிவங்களுக்குள் ஆரிஃபாவின் பெயரைத் தேடியது.

“எந்தக் கடை? பேரைச் சொல்லு. நானே வரேன். அந்த பிளவுஸை என் கண்ணால பாக்கணும்.”

போன் நழுவி மேசையில் விழுந்தது. எடுத்தபோது இணைப்பு அறுந்திருந்தது.

ஜவுளிக்கடைக்காரன் மனைவிக்கு வெளி டெய்லர்! உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம் அந்தப் பொய்யை. அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று மண்டைக்குள் மெதுவாக ஏறியது. ஆரிஃபா பிளவுஸ் கேட்கவே இல்லை. சேர்ந்த அன்று சிரித்துக்கொண்டே, ‘என் வீட்டுக்காரருக்குத் தெரியும், நேராவே பேசுங்க’ என்றவள் அவள்.

அப்படித்தான் அன்று சொன்னாள். இன்று அந்த வீட்டில் நிலைமை என்னவோ? இவ்வளவு கோபக்காரனா அவன்? இப்போது அவளிடம் என்ன கேட்டுக்கொண்டிருப்பான்? பிரிக்ஃபீல்ட்ஸுக்கு எதற்குப் போனாய், யாரைப் பார்த்தாய் என்றா?

கிள்ளான் ரயிலில் ஏறிக்கொண்டே இராஜம்மாவுக்குப் போன் செய்தாள். மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னாள்.

“முதல்ல அந்தப் பொண்ணு பத்திரமா இருக்காளானு பாரு” என்றது குரல். “உன்னை அப்புறம் திட்டறேன்.”

*

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தோளோடு தோள் உரசும் கூட்டம். கூடாரங்கள், சரவிளக்குகள், சேலைக் குவியல்கள். காதர் ஜவுளிக்கடை வாசலில் பெண்கள் மூன்று வரிசை.

கல்லாவுக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியோடு ஒரு மனிதர். கழுத்தில் அளவு நாடா.

“அண்ணே, ஆரிஃபாவைப் பாக்கணும்.”

மனிதரின் கண்கள் சுருங்கின. துணிக்கடைக்காரனுக்குக் குரலும் ஒரு துணிதான். ஒருமுறை தொட்டால் மறக்காது.

“நீதானா அந்த பிளவுஸு?”

மூன்று வரிசைப் பெண்களும் திரும்பினார்கள்.

“எங்க? எடு. பாக்கறேன். கழுத்து எப்படி வெட்டியிருக்கே? லைனிங் என்ன குடுத்தே? சும்மா வந்தியா? பிளவுஸ் எங்க?”

“அண்ணே, நான் ஆரிஃபாகிட்டதான் பேசணும்.”

“என்னங்க சத்தம்?” என்று உள்ளிருந்து ஒரு தலை எட்டிப்பார்த்தது. தலைமுக்காட்டைச் சரிசெய்தபடி வந்த அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. பிறகு உதடு இறுகியது.

“வாங்க, குச்சி அக்கா. ஒரு வழியா ஞாபகம் வந்துச்சா?”

புனிதா வாசல் வரிசைகளைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தின் நடுவில்! கணவனின் முன்னால்!

“பயப்படாதீங்க. இவருக்குத் தெரியும்னு அன்னைக்கே சொன்னேன்ல? குச்சி வைக்கக் கூட்டிட்டுப் போனதே இவருதான்.”

காதரின் முகத்தில் டெய்லர் கோபம் வடிந்தது. அதன் இடத்தில் வேறொரு கோபம் வந்து உட்கார்ந்தது. பழைய கோபம்.

“ஓ, நீங்க அந்த ஆஸ்பத்திரியா? உள்ள வாங்க. வாங்க சொல்றேன்.”

துணி மூட்டைகள் அடுக்கிய பின்னறையில் மூவரும் நின்றார்கள். உட்கார இடம் இருந்தும் யாரும் உட்காரவில்லை.

“மன்னிச்சுடுங்க” என்றாள் புனிதா. “நேரா பேசச் சொன்னீங்க. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது. நீங்க ஆய்வுல இருந்து விலகிட்டீங்கனு இருந்துச்சு. மூணு தடவை போன் போட்டும்...”

“விலகிட்டாளா?” காதர் குறுக்கே விழுந்தார். “மூணு தடவை போன் போட்டீங்களா? நாங்க மூணு தடவை கிளினிக்குக்கு நேர்ல வந்தோம்மா! இவ ராத்திரி பூரா அழுவுறா, சாப்பிடல, பிள்ளைங்களைக்கூட ஏறெடுத்துப் பாக்கலைனு நான் கவுன்ட்டர்ல நின்னு கத்தினேன். என்ன சொன்னாங்க தெரியுமா? ‘அங்கிள், வீட்டுல ஏதும் பிரச்சனையா? நீங்க கொஞ்சம் அன்பா நடந்துக்கங்க’னு. என்னையவே திட்டி அனுப்பிச்சாங்க! நாலாவது தடவை குச்சியை எடுங்கனு சொன்னோம். எடுத்தாங்க. எடுத்ததும் உங்களுக்கு ஆய்வு முடிஞ்சுதுனு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த ஆஸ்பத்திரி போனை யாரு எடுப்பா...”

“நீங்க நிறுத்துங்க.”

ஆரிஃபா சத்தம் போடவில்லை. ஆனால் காதர் நிறுத்தினார்.

“எனக்கு நடந்ததை நான் சொல்றேன். உங்களுக்குக் கடையில ஆள் நிக்குது.”

“நிக்கட்டும்.”

“அப்ப வாயை மூடிட்டு நில்லுங்க.”

நின்றார். அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

“அக்கா, இந்தக் கடையில கலர் எடுத்துக் குடுக்கறது நான்தான். வாசல்ல ஒருத்தி வர்றப்பவே இவளுக்கு எது எடுக்கும்னு எனக்குத் தெரியும். குச்சி வெச்சு ரெண்டு மாசம் இருக்கும். ஒரு ஆன்டிக்குப் புடவை விரிச்சுக் காட்டறேன். எதை விரிச்சாலும் எனக்கு ஒண்ணுதான். சிவப்பும் ஒண்ணு, பச்சையும் ஒண்ணு. கண்ணு நல்லாத்தான் தெரியுது. ஆனா எனக்கென்னனு இருக்கு. டிரயல் ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு அழுதேன். ஏன்னு கேட்டா தெரியாது.”

வெளியே யாரோ அரைமீட்டர் துணி கேட்டார்கள். காதர் போகவில்லை.

“எங்க வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம். பாலத்தைத் தாண்டித்தான் வரணும். காருக்குள்ள கண்ணை இறுக்கி மூடிக்குவேன். இவரு தூங்கறேன்னு நெனச்சாரு. தண்ணி மேல பயமில்ல அக்கா. என் மேலயே பயம்.”

காதரின் விரலில் நாடா நின்றது. இதை அவர் இப்போதுதான் கேட்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

“இப்ப?” என்று மெல்லக் கேட்டாள் புனிதா. “இப்பவும் அந்தப் பயம் இருக்கா, ஆரிஃபா? இருந்தா சொல்லுங்க. உடனே பாக்கறதுக்கு ஆள் இருக்காங்க.”

“இல்ல. எடுத்து ஒரு மாசத்துல ஒரு நாள் காலையில எழுந்தேன். திரைச்சீலை மஞ்சளா இருந்துச்சு. அட, மஞ்சள்னு நெனச்சேன். அவ்வளவுதான். திரும்பி வந்துட்டேன்.”

புனிதா ஒரு கணம் தயங்கினாள். ஆனால் கேட்காமல் விட முடியாது.

“அது குச்சியாலதான்னு நெனைக்கிறீங்களா? வேற ஏதாச்சும் காரணம்...”

“அதைக் கண்டுபிடிக்கத்தானே என்னைச் சேத்தீங்க?” ஆரிஃபாவின் கண்கள் நேராக வந்து குத்தின. “நான் டாக்டரா? நான் நடந்ததைச் சொல்ல வந்தேன். கேட்டு, எழுதி, ஆராய்ஞ்சு சொல்ல வேண்டியது நீங்க. அதுக்குப் பதிலா என் பேரை எடுத்துட்டீங்க. நான் விலகல, அக்கா. என்னை விலக்கினாங்க.”

“நாளைக்கு ரிப்போர்ட் போகுது” என்றாள் புனிதா. “நீங்க சொன்னதை நான் இப்ப எழுதிக்கறேன். பேரு இல்லாம.”

“எழுதிட்டு? மறுபடியும் எடுத்துடுவாங்களா?”

புனிதா பேனா மூடியைத் திறந்து மூடினாள்.

“எங்க நடக்குது மீட்டிங்?”

“நீங்க வரணும்னு இல்ல, ஆரிஃபா. எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.”

“இப்பத்தான் மூணு வரிசைப் பொம்பளைங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. கிள்ளானுக்கே சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சுடும். கோலாலம்பூருக்குத் தெரிஞ்சா என்ன?”

காதர் தொண்டையைச் செருமினார். “நான் வண்டியை எடுக்கறேன்.”

“ஓட்டுங்க. ஆனா உள்ள வந்து பேசக் கூடாது.”

*

வெள்ளிக்கிழமை. மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் சீனப் பெண்மணி. தமிழ் புரியாதென்று பக்கத்தில் ஜைத்தை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். ஓரத்தில் இராஜம்மா, கைகளைக் கட்டிக்கொண்டு. காலையிலேயே புனிதாவைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டித் தீர்த்து, தப்பை அவளே ஒத்துக்கொண்டதால் இந்த ஒரு தடவை ஆய்வை மூடாமல் விடுவதாகச் சொல்லிவிட்டு, ஆரிஃபாவிடம் அவள் விருப்பத்தைத் தானே மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் அறைக்குள் விட்டிருந்தார்.

ஜைத் புதிய கணக்கைத் திரையில் போட்டான். விட்டுப்போனவர்களைச் சேர்த்தால் பச்சை வரி நிற்கவில்லை.

பரமேஸ்வரன் எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

“நல்ல வேலை, புனிதா. ஆனா ஒரு விஞ்ஞானியா நான் சொல்லித்தான் ஆகணும். இவங்க சொன்னதெல்லாம் ஞாபகத்துல இருந்து சொன்னது. அப்பப்பப் பதிவானது இல்ல. இதை வெச்சுக் குச்சிதான் காரணம்னு என்னால எழுத முடியாது.”

“எழுத வேணாம், டாக்டர். குச்சி உடம்புக்கு ஒத்துக்கிட்டவங்களும் இருக்காங்க, அதையும் போட்டிருக்கோம். ஆனா ‘இல்லை’னும் எழுத முடியாதுல்ல?”

“கையேடு ஏற்கனவே தாமதம்” என்றார் மேலிடத்து ஆண். தமிழர்தான். “இதைப் பெரிசு பண்ணா பொண்ணுங்க பயந்துடுவாங்க. கர்ப்பத்தடையே வேணாம்னு ஓடிடுவாங்க. அது யாருக்கு நல்லது?”

நாற்காலி பின்னால் நகரும் சத்தம்.

ஆரிஃபா எழுந்து நின்றாள். ஊதா நிறத்தில் பாஜு கூரோங் அங்கி, அதே ஊதாவில் ஒரு சாயல் குறைந்த முக்காடு.

“சார், நான் ஓடல. இதோ நிக்கறேன். எனக்கு ரெண்டு புள்ளைங்க. அதுக்கு மேல வேணாம்னு முடிவு பண்ணதும் நான்தான், இன்னொரு தடுப்பு முறையைத் தேடிக்கிட்டு இருக்கறதும் நான்தான். என்னை ஓட வெச்சது குச்சி இல்ல. உங்க கவுன்ட்டர். உனக்கு ஒண்ணும் இல்ல, உன் வீட்டுலதான் பிரச்சனைன்னாங்க. ஒருத்தி பயப்படுவானு உண்மையை மறைச்சா, அவளுக்கு அது நடக்கறப்போ தனக்கு மட்டும்தான் நடக்குதுனு நெனப்பா. நான் அப்படித்தான் நெனச்சேன். பைத்தியம் பிடிச்சுருச்சுனு நெனச்சேன்.”

ஜைத் கிசுகிசுப்பாய் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். சீனப் பெண்மணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

“டாக்டர்” ஆரிஃபா பரமேஸ்வரன் பக்கம் திரும்பினாள். “உங்க முதல் கணக்குல நான் எங்க இருக்கேன்? எந்த இடம்? விரலை வெச்சுக் காட்டுங்க.”

பரமேஸ்வரன் திரையைப் பார்த்தார். தேடுவது போல் பார்த்தார். தேடி ஒன்றும் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும்.

“இல்லம்மா.”

“அப்ப அந்த ‘இல்லை’ங்கறது நான்தான். எனக்கு நடந்தது இல்லைனு எழுதாதீங்க. தெரியலைனா தெரியலைனு எழுதுங்க. தெரிஞ்சுக்க என்ன பண்ணப் போறீங்கனு எழுதுங்க.”

மேலிடத்து ஆண் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இராஜம்மா அந்தக் கடிகாரம் பார்த்தவரைப் பார்த்தார். அந்த ஆண் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

பரமேஸ்வரன் கணிப்பொறி அருகே போனார். பச்சை வரியைத் தேர்ந்தெடுத்தார். ஒரு தட்டு. வரி போனது.

“ரிப்போர்ட் இன்னைக்குப் போகாது” என்றார்.

“டாக்டர், நான் மேல என்ன பதில் சொல்றது?” என்றார் மேலிடத்து ஆண்.

“நான் சொல்றேன். கையெழுத்து என்னோடதுதானே? குச்சி வைக்கிறதுக்கு முன்னாடி மனசு எப்படி இருந்துச்சு, வெச்சப்புறம் எப்படி இருக்குனு வாரா வாரம் கேக்கணும். குச்சியை எடுத்தவங்களையும் விடக் கூடாது. எடுத்தப்புறம் என்ன ஆச்சுங்கறதுதான் முக்கியமான கேள்வி. அதைக் கேக்காம ஒரு வருஷம் ஓட்டியிருக்கோம். எந்த நேரத்துல, யாரு, எப்படிப் பேசணும்கறதை அந்தந்தப் பொண்ணுதான் சொல்லணும். அதுவரைக்கும் கையேட்டுல, ‘மனநிலை பற்றி இன்னும் தெரியவில்லை, யாராவது சொன்னால் நம்புங்கள், பதிவு செய்யுங்கள்’. இதைப் போடறதா இருந்தா இந்த வரியை மட்டும் இன்னைக்கே தரேன்.”

சீனப் பெண்மணி ஜைத்திடம் ஏதோ கேட்டார். ஜைத் சொன்னான். அவர் தலையசைத்து ஆங்கிலத்தில் ஒரே சொல் சொன்னார். போடுங்கள்.

மேலிடத்து ஆண் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். யாரும் தடுக்கவில்லை.

பரமேஸ்வரன் ஒரு நாற்காலியை இழுத்து ஆரிஃபாவின் எதிரில் போட்டார். கேள்விகளைத் தயார் செய்த மனிதர் இதுவரை எந்தப் பெண்ணிடமும் அவற்றை நேரில் கேட்டதில்லை. புனிதாவின் பக்கம் திரும்பிப் பேனாவுக்குக் கை நீட்டினார். கொடுத்தாள்.

“நானே எழுதறேன்” என்றார். “முதல்ல இருந்து சொல்லுங்க. எப்ப ஆரம்பிச்சுது?”

ஆரிஃபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நல்லா சாஞ்சு உட்காருங்க, டாக்டர். நேரமாகும்.”